எச்சரிக்கை வந்த பிறகும்

தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் போகிறவர்கள் தினமும் மீனம்பாக்கத்தைக் கடக்கிறார்கள். 1984 ஆகஸ்ட் 2 இரவு அங்கே விமான நிலையத்தில் குண்டு வெடித்து 33 பேர் மாண்டார்கள். கொழும்பு விமானத்துக்கென்று ஒப்படைத்த பெட்டிகளில்தான் குண்டு இருந்தது. ஒப்படைத்தவர் விமானம் ஏறவில்லை. குண்டு இருப்பதாகத் தொலைபேசியில் முன்பே எச்சரிக்கை வந்தது. அப்படியும் அந்தப் பெட்டிகள் கட்டடத்துக்குள்ளேயே கிடந்தன. இதை வெறும் உளவுத் தோல்வி என்று எழுதி மூட எனக்கு மனம் வரவில்லை. தகவல் கையில் இருந்தது. உடனே செயல்பட ஆளில்லை.

அடுத்த ஆண்டு ஜூனில், உரியவர் ஏறாத இன்னொரு பெட்டி கனிஷ்கா விமானத்தில் 329 உயிர்களைப் பறித்தது. எச்சரிக்கை வீணாவதும் தொடர்ந்தது: 2019 ஈஸ்டர் தாக்குதல் பற்றி ஏப்ரல் 4 அன்றே இந்திய உளவுத்துறை இலங்கையை எச்சரித்தது. 21ஆம் தேதி 260க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதைத் தடுக்கத் தவறியதற்காக அங்கே உச்ச நீதிமன்றம் 2023இல் முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேனாவையே 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. எச்சரிக்கை எப்போது, யார் கைக்கு வந்தது, அவர் என்ன செய்தார் என்று ஒவ்வொரு தாக்குதலுக்குப் பின்னும் மக்களுக்குச் சொல்வதை நம் நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டும்.