முக்கூர்த்தியின் புல்லும் சீகையும்

மரம் நடுவது புண்ணியம் என்று வழிவழியாகக் கேட்டு வளர்ந்த நம் ஜனங்களிடத்தில், நீலகிரியின் மேற்கோரத்திலே மரத்தை அகற்றினால்தான் வனவிலங்கு பிழைக்கும் என்று சொன்னால், சொல்பவனுடைய புத்தியைப் பற்றியே சந்தேகம் எழுவது இயல்பு. ஆயினும் முக்கூர்த்தியைப் பொறுத்த மட்டில் அதுதான் உண்மை.

சுமார் 78 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பிரதேசம் 1990இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதே பிரதானமாக வரையாட்டின் பொருட்டு. மலையின் மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு ஒடுங்கி நிற்க, மற்ற இடமெல்லாம் புல்லாய் விரிந்து கிடக்கும் இந்த உயர்ந்த நிலத்தை, தோடர்கள் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்து வந்ததைக் கண்டிருந்தும், ஆங்கிலேய அதிகாரிகள் பயனற்ற தரிசு என்று தீர்மானித்தார்கள். தை மாதத்து விடியற்காலையில் புல் நுனிகளை வெள்ளையாக உறையவைத்து, மிதித்தால் நொறுங்கும்படி செய்கிற உறைபனிதான், சோலை மரத்தின் இளங்கன்றைத் திறந்த வெளியில் கருக்கிப் புல்லுக்கு இடம் காத்துக் கொடுக்கிறது என்பதை அவர்கள் அறியவில்லை. நீலகிரிச் சதுப்புகளின் அடிமண்ணைச் சோதித்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்தது என்று கண்டதோ வெகு காலம் கழித்துத்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகையும் கற்பூர மரமும் விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் நடப்பட்டன. சுதந்திரத்துக்குப் பின் நம்மவர்களும் அதே காரியத்தை உற்சாகமாகவே தொடர்ந்தார்கள் என்பதை மறைப்பதற்கில்லை.

மறைப்பில்லாத வெளியில் மேய்ந்து, சிறுத்தையோ செந்நாயோ தென்பட்ட கணமே செங்குத்தான பாறைச் சரிவில் இறங்கித் தப்புவது வரையாட்டின் சுபாவம். முதுகிலே சேணம் போட்டாற்போல் வெளிர்நிறம் படர்ந்த முதிய கிடாவானாலும், பார்வையை மறைக்கிற தோப்புக்கு முன்னால் அதற்குப் போக்கிடம் இல்லை. சீகை பறிப்பது மேய்ச்சலை மட்டுமன்று, காவலையுந்தான்.

எனினும் கோடரியோடு ஓடுவதும் விவேகமன்று. சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து, வெட்டி வெளிச்சம் பட்ட இடத்திலே மண்டி முளைக்கும். அன்றியும், பழைய தோப்புகளின் நிழலில் பனிக்குத் தப்பிச் சோலைக் கன்றுகள் தாமாகவே தலையெடுத்திருக்கின்றன. ஆகையால் முதிர்ந்த தோப்பைச் சோலைக்கே விட்டுவிட்டு, எஞ்சிய புல்வெளியின் ஓரங்களில் நுழைகிற இளஞ்சீகையை வேரோடு பிடுங்குவதும், வருஷந்தோறும் திரும்பிப் போய்ப் பிடுங்குவதுமே என் அபிப்பிராயத்தில் உசிதம். தமிழக அரசு 2022இல் அறிவித்த வரையாட்டுத் திட்டத்துக்குச் சுமார் 25 கோடி ரூபாயும் 5 ஆண்டும் ஒதுக்கப்பட்டன. திட்டம் முடிந்த பின்னும் விதை மண்ணில் இருக்கும். அப்பொழுது பிடுங்குகிறவனுடைய கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதை இப்பொழுதே முடிவு செய்தாக வேண்டும்.