சர்வமத மேடையில் சொல்லாதவை

மன்னாரில் ஒரு சர்வமதக் கூட்டம் எப்படி நடக்கும் என்பதை நிகழ்ச்சிநிரலைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். குருக்கள், அருட்தந்தை, மௌலவி, பிக்கு நால்வரும் குத்துவிளக்கில் ஆளுக்கொரு திரி ஏற்றுவார்கள். எல்லா மதமும் அன்பைத்தான் போதிக்கிறது என்று நால்வரும் பேசுவார்கள். பிறகு தேநீர். யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. ஒரே கருத்தை ஒப்புவிக்க நாலு பேர் எதற்கு?

2019 மார்ச் 3, மகா சிவராத்திரிக்கு முதல்நாள், திருக்கேதீச்சரம் சிவன் கோயிலுக்குப் போகும் வீதியில் நாட்டிய வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தார்கள். பழைய வளைவைத்தான் புதுப்பிக்கிறோம் என்றார்கள் சைவர்கள். எங்கள் லூர்து அன்னை ஆலயத்துக்கு அருகே நிரந்தர வளைவு எழுகிறது என்றார்கள் மற்றவர்கள். கண்டனம் வந்தது, வருத்தம் தெரிவிக்கப்பட்டது. அந்த இடம் மறுதரப்புக்கு என்ன என்பது மட்டும் பேசப்படவில்லை.

சைவருக்கு அது மாதோட்டம், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். போர்த்துக்கேயர் இடித்த அந்தக் கோயிலை மீளக் கட்டச் சொல்லி ஆறுமுக நாவலர் 1872இல் குரல் எழுப்பினார். கத்தோலிக்கருக்கு அது மாந்தை, மடு மாதாவின் சொரூபம் முதலில் இருந்த ஊர். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்த காலத்தில், 1670இல், இருபது குடும்பங்கள் அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனதாக மரபு. பறித்தவன் வேறு, பறிகொடுத்தவன் வேறு; ஆனால் இரண்டுமே கடல்கடந்து வந்த ஆட்சி ஒன்று வழிபாட்டிடத்தைப் பறித்த கதை. ஒரே மண்ணில் நடந்த இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்ட பிள்ளைகள் எங்கள் மாவட்டத்தில் மிகக் குறைவு.

இணக்கமான கதைகள் என்பதால் இவற்றைச் சொல்வது எளிது. எளிதல்லாததும் உண்டு. 1544இல் யாழ்ப்பாண அரசன் முதலாம் சங்கிலியின் ஆணையில் மன்னாரில் ஏறத்தாழ அறுநூறு புதுக் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள். தோட்டவெளியில் இன்றும் அவர்களை நினைவுகூருகிறார்கள். யாழ்ப்பாணத்தில் சங்கிலி என்ற பெயருக்கு இருக்கும் பெருமிதத்தோடு இதை எப்படிச் சேர்த்து வைப்பது? அந்தப் பெயர் தோட்டவெளியில் எப்படி ஒலிக்கிறது என்று ஒரு சைவர் போய்க் கேட்கலாம். தேவாரம் பாடிய கோயிலை இடித்தவர்களின் மதமாகத்தான் முதலில் இங்கே வந்தீர்கள் என்று சொல்லப்படும்போது ஒரு கத்தோலிக்கர் எழுந்து போகாமல் இருக்கலாம். அவரவர் நம்பிக்கை அப்படியே இருக்கட்டும். உரையாடலுக்கு அது தடையே அல்ல.

இதைவிடக் கடினமானது 1990 ஒக்டோபர். விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி மக்கள் வள்ளமேறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். பேரவலமாக நினைவில் நிற்கும் இதைப் பற்றி மன்னார்த் தமிழர்கள், சைவரும் கத்தோலிக்கரும், முஸ்லிம்களிடம் வாய்விட்டுக் கேட்டது மிகச் சொற்பம். அவர்கள் திரும்பி வந்தபின் பேச்செல்லாம் காணியையும் துறையையும் பற்றியதாகிவிட்டது. 2012இல் கோந்தைப்பிட்டி மீன்பிடித்துறைக்காக உப்புக்குளம் முஸ்லிம்களும் விடத்தல்தீவிலிருந்து இடம்பெயர்ந்த தமிழர்களும் மோதியதை மதச் சண்டை என்று எழுதியவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் போரில் ஊர் இழந்தவர்கள். துறையைப் பிரித்துக் கொடுக்க வேண்டியது நிர்வாகம். அந்த வேலையைச் சர்வமதக் குழுவின் தலையில் கட்டக்கூடாது.

குழுக்கள் செய்யக்கூடியது பாடசாலையில் இருக்கிறது. சமயம் நம் நாட்டில் கட்டாயப் பாடம். மணி அடித்ததும் சைவநெறிக்கு ஒரு வகுப்பு, கத்தோலிக்கத்துக்கு ஒன்று, இஸ்லாத்துக்கு ஒன்று எனப் பிள்ளைகள் பிரிந்து போகிறார்கள். பதினோராம் ஆண்டு வரை பக்கத்து வகுப்பில் என்ன படிக்கிறார்கள் என்று தெரியாமலே வளர்கிறார்கள். தவணைக்கு ஒரு பாடவேளை சேர்ந்து இருந்தால் என்ன என்று கேட்டால், மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று பெற்றோர் பயப்படுவார்கள். இந்த மாவட்டத்தின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் அது வெறும் பயமும் அல்ல. ஆகவே பிள்ளைகளை விட்டுவிட்டு முதலில் சமயபாட ஆசிரியர்களை, விளக்கும் மேடையும் இல்லாமல், ஒரு பின்னேரம் மாந்தையில் உட்கார வைக்கலாம். கேதீச்சரத்தைப் பற்றிக் கத்தோலிக்க ஆசிரியரும், மடுவைப் பற்றி மௌலவி ஆசிரியரும், எருக்கலம்பிட்டியைப் பற்றிச் சைவ ஆசிரியரும் தமக்குத் தெரிந்ததைச் சொல்லட்டும், உரியவர்கள் திருத்தட்டும்.

(கட்டுரையாளர் சமூக வரலாற்று ஆய்வாளர்)