கொத்துரொட்டிக்கு ஒரு சட்டம், துவக்குக்கு ஒரு சட்டமோ?

நியூயோர்க்கில துவக்குக்கடைக்காரர் கொஞ்சப்பேர் 2022 நவம்பரில கோட்டுக்குப் போனவை. மாநிலச் சட்டம் தங்கட அரசியலமைப்பு உரிமையில கை வைக்குதாம். அப்பிடி என்ன கொடுமையைச் செய்தது அந்தச் சட்டம்? இரவில கடை பூட்டேக்க துவக்குகளைப் பெட்டகத்தில வைச்சுப் பூட்டு, கமெரா போடு, வேலையாக்களுக்குப் பயிற்சி குடு, 18 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையைப் பெரியாக்கள் இல்லாமல் உள்ள விடாதை, கணக்கைப் பொலிசுக்குக் காட்டு. உவ்வளவுதான்! அதுவும், அந்த வருசம் மே 14 பஃபலோ சுப்பர்மார்க்கற்றில 10 கறுப்பினச் சனத்தை ஒருத்தன் சுட்டுக்கொன்ற பிறகு வந்த சட்டம்.

நான் சட்டம் படிக்கேல்லை, படிச்சதையும் கம்பசில அரைவாசியோட விட்டவன். லாச்சப்பலில குசினியில நிக்கிறன், வேலை முடிஞ்சு ஆர்ஜொந்தெய்க்குப் போற ரயிலில உதுகளை வாசிக்கிறன். ஆனால் குசினிச் சட்டம் எனக்கு நல்லாத் தெரியும். பிரான்சில 2012 ஒக்ரோபரில இருந்து ரெஸ்ரோறன்ட் எண்டால் ஒருத்தராவது 14 மணித்தியாலச் சுகாதாரப் பயிற்சி எடுத்திருக்கவேணும். பிறிட்ஜின்ர குளிர் எத்தினை பாகை எண்டு கொப்பியில எழுதுறம். 178/2002 எண்ட ஐரோப்பியச் சட்டப்படி, கோழி ஆரிட்ட வாங்கினது எண்டதுக்குத் துண்டு காட்டவேணும். கச்சான், மா, மீன் எண்டு ஒவ்வாமை தாற சாமானுகளை எழுதி வைக்கவேணும். கொன்றோலுக்கு வாறவன் பெரிய பிழை கண்டால் கடையே பூட்டுப்படும். முதலாளி பொருமுறவர்தான். ஆனால் 'ரோல்ஸ் விக்கிறது என்ர பிறப்புரிமை' எண்டு ஒரு கடைக்காரனும் கோட்டுக்குப் போனதாய் நான் கேள்விப்படேல்லை.

நல்லகாலம், நீதிபதியளும் மசியேல்லை. 2023 ஜனவரியில அவசர மனுவை அமெரிக்க உச்சநீதிமன்றம் தள்ளினது. அதே வருசம் டிசம்பரில மேன்முறையீட்டு நீதிமன்றமும் தடையுத்தரவு குடுக்கேல்லை. இந்த விதிகளால சனம் துவக்கு வாங்கேலாமல் போகும் எண்டு கடைக்காரர் காட்டேல்லை எண்டதுதான் சாரம். 2017 இல கலிபோர்னியா அலமீடா வழக்கில இன்னும் வெளிப்படையாச் சொன்னவை: துவக்கு விக்கிறதுக்கெண்டு தனியாய் ஒரு உரிமை இல்லை.

எனக்கு வயிறெரியிறது வேற இடத்தில. 2005 இல புஷ் கையெழுத்து வைச்ச சட்டம் ஒண்டு இருக்கு. துவக்கை வாங்கினவன் செய்த கொலைக்கு, செய்த கொம்பனியிலயோ வித்த கடையிலயோ பெரும்பாலும் வழக்குப் போடேலாது. மெக்சிகோ அரசாங்கமே ஸ்மித் அன்ட் வெசனுக்கு எதிராய்ப் போய்ப் பார்த்தது. 2025 ஜூன் 5 இல ஒன்பது நீதிபதியளும் ஒருமிச்சு, அந்தச் சட்டத்தைக் காட்டித் தள்ளினவை. என்ர கையால போன பழுதான கறியைத் திண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன் எங்களில வழக்குப் போடலாம். 'துவக்கு பழுதில்லையே, சரியாத்தானே வேலை செய்தது' எண்டுவினம். அதுதானே ஐசே பிரச்சினை!

எங்கட ஆக்களிலயும் துவக்குக்கு வக்காலத்து வாங்கிறவை இருக்கினம். '83 இல கொழும்பில எங்கட கையில துவக்கு இருந்திருந்தால்?' எண்டு கேப்பினம். எரிஞ்ச வீட்டில இருந்து வந்தவனிட்ட உது வெறும் பேச்சில்லை, எனக்கு விளங்குது. ஆனால் அண்ணை, துவக்கு வந்ததுதானே? அது ஆமியை மட்டுமோ சுட்டது? 86 இல இயக்கம் இயக்கத்தைச் சுட்டதை மறந்துபோட்டியளோ? அப்ப எந்தச் சனத்தை எந்தத் துவக்குக் காப்பாற்றினது?

அமெரிக்காக்காரன்ர பிரச்சினை எங்களுக்கேன் எண்டும் ஒருத்தர் கேட்டார். லாச்சப்பலில 2ம் நம்பர் மெற்றோ எடுத்து நசியோனில மாறினால் அடுத்தது போர்த் து வன்சேன். 2015 ஜனவரியில அங்க யூதக் கடையில 4 பேரைக் கொன்றவன்ர துவக்குகளில சிலது, வெடிக்காமல் பண்ணி ஸ்லோவாக்கியாவில சட்டப்படி வித்தது. வாங்கித் திருப்பி வெடிக்கப் பண்ணியிருக்கிறாங்கள். அதுக்குப் பிறகுதான் 2017 இல ஐரோப்பா சட்டத்தை இறுக்கினது. அதையும் எதிர்த்து செக் குடியரசு லக்சம்பேர்க் கோட்டுக்குப் போனது. 2019 டிசம்பர் 3 இல தள்ளுபடி.