சிறு குற்றமும் ஆயுள் தடையும்

அமெரிக்காவில், பென்ஸில்வேனியாவைச் சேர்ந்த ஓர் ஏழைக் குடும்பஸ்தர், உணவு உதவிக்கான விண்ணப்பத்தில் வருமானத்தை முழுமையாகக் காட்டவில்லையென்று 1995-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதனால் அடைந்த தொகை 2,458 டாலர். சிறைவாசமில்லை, மூன்று வருஷக் கண்காணிப்பே தண்டனை. ஆயினும் அக்குற்றத்திற்கு ஐந்து வருஷம் வரை சிறை விதிக்க இடமிருந்ததால், ஆயுள் முழுவதும் அவர் வேட்டைத் துப்பாக்கியும் வைத்திருக்கலாகாதென ஐக்கிய சர்க்காரின் சட்டம் தடுத்தது. விதித்த தண்டனையை விடுத்து, விதித்திருக்கக் கூடியதைக் கொண்டு மனிதனை அளப்பது என்ன நியாயமோ, நாமறியோம்!

2023-லும், சுப்ரீம் கோர்ட்டு வழக்கைத் திருப்பியனுப்பிய பின் 2024 டிசம்பரிலும், அப்பீல் கோர்ட்டு அவருக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. கொலைபாதகர் கையில் ஆயுதம் கூடாதென்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் தீர்ப்பு இவர் ஒருவர் விஷயத்திற்கே என வரம்பிடப்பட்டிருக்கிறது. இவரையொத்தோர் தனித்தனியே வழக்காட வேண்டுமெனில், வக்கீலுக்குப் பணமில்லாதவர் கதி என்ன? சட்டத்தைத் திருத்த வேண்டியது காங்கிரஸ் சபையே.