ரொட்டித் தூளும் கௌரவமும்

கட்லெட்டுக்கு ரொட்டித் தூளைப் பாக்கெட்டில்தான் வாங்க வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அது என்ன அபூர்வ வஸ்துவா? உலர்ந்த ரொட்டி; அவ்வளவுதான். சிசிலித் தீவில், பாலாடைக்கட்டி வாங்க வசதியில்லாத ஏழைகள், காய்ந்த ரொட்டியைத் தூளாக்கி எண்ணெயில் வறுத்து உணவின்மேல் தூவிக்கொண்டார்கள். வறுமையின் கைப்பக்குவம் அது. நம்மவர்களோ மீந்த துண்டுகளைக் குப்பையில் எறிந்துவிட்டு, அதே பண்டத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இதற்குப் பெயர் நாகரிகமாம்!

பூஞ்சை பிடிக்காத துண்டுகளாகப் பார்த்து எடுங்கள். தோசைக் கல்லில் சிறு தீயில் ஈரம் போக வாட்டி, நன்றாக ஆறிய பின் மிக்ஸியில் ஒரு சுற்று. காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள். செலவு? கொஞ்சம் எரிவாயு.

மீந்த சோற்றை வற்றலாக்கிய பாட்டியின் பேரன் பேத்திகளுக்கு இதில் என்ன வெட்கம்? சிக்கனத்துக்கு நாணுகிற குடும்பம், கடைக்காரனுக்கு அபராதம் கட்டிக்கொண்டுதான் இருக்கும்.