இழுத்துவிட வேண்டாம்



தை பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்து ஊர்களில் எருது விடும் விழாக்கள் தொடங்கிவிடும். விழாவில் நிற்கிற பிள்ளைகள்தாம் மறுநாள் விடியுமுன் சிப்காட் ஷிப்டுக்கு வண்டியில் கிளம்புகிறார்கள். எருது தள்ளினாலும் வண்டி சறுக்கினாலும், கையை ஊன்றி விழுகையில் தோள் மூட்டு விலகிவிடுகிறது.

உடம்பிலேயே அதிகம் சுழலும் மூட்டு அது. அப்படிச் சுழல்வதற்காகவே அதன் குழி ஆழமில்லாமல் இருக்கிறது. பெரும்பாலும் கை எலும்பின் பந்து போன்ற முனை முன்பக்கமாக நழுவும். தோளின் உருட்சி போய்த் தட்டையாகத் தெரியும். உடனே பக்கத்தில் ஒருவர், "ஒரு இழு இழுத்தா உட்கார்ந்துடும்ணா" என்பார். தயவுசெய்து இழுக்க விடாதீர்கள். எலும்பு முறிந்திருந்தால் துண்டு பெயர்ந்துவிடும்; நரம்பும் நசுங்கலாம். ஒரு துண்டில் கையைத் தாங்கலாகக் கட்டி, இருக்கிற நிலையிலேயே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம், வழியில் டீகூட வேண்டாம். புத்தூர் கட்டின்மேல் நம் பகுதிக்குத் தலைமுறை நம்பிக்கை உண்டு. ஆனாலும் எக்ஸ்ரே எடுக்காமல் அந்தத் தோளில் யாரும் கை வைக்கக் கூடாது.

மின்சாரம் தாக்கியவர்களுக்கும் வலிப்பு வந்தவர்களுக்கும் மூட்டு பின்பக்கமாக நழுவலாம். அது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். நாற்பதைத் தாண்டியவருக்கு மூட்டைப் பொருத்திய பிறகும் கை உயரவில்லை என்றால், தசைநார் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்குப் பெரிய கவலை அடுத்த கட்டம்தான். மூட்டு உட்கார்ந்ததும் வலி சட்டென்று குறைவதால், குணமாகிவிட்டதென்று பாரம் தூக்கப் போய்விடுகிறார்கள். ஆனால் குழியின் விளிம்புக் குருத்தெலும்பு உள்ளே கிழிந்திருக்கலாம். லண்டன் அறுவை மருத்துவர் பேங்கார்ட் 1923-லேயே இதை விளக்கியிருக்கிறார். இளவயதினருக்கு மூட்டு மறுபடி மறுபடி நழுவ இதுவே முக்கியக் காரணம். மருத்துவர் சொல்லும்வரை ஓய்வும், பிறகு தசைப் பயிற்சியும் கட்டாயம் தேவை.

ஓய்வெடுத்தால் சம்பளம் போகுமே என்ற பயம் நியாயமானது. ஆனால் இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு வேலையில் பட்ட காயமென்றால், ஓய்வுக் காலத்தில் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். 2010-ல் வந்த திருத்தத்திலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் இதில் அடங்கும். காண்ட்ராக்டில் இருப்பவர்களுக்கும், அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் சட்டம் ஒன்றுதான். விபத்தை அன்றே கம்பெனிப் பதிவேட்டில் எழுத வையுங்கள். மருத்துவரின் ஓய்வுச் சான்றிதழைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.


ஆசிரியர்