சொல்லாத குறைக்குத் தண்டனையா?

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை ஒரே தப்பை மூன்றாம் முறை செய்கிறதென்றால், முதல் தப்புக்கும் மூன்றாம் தப்புக்கும் நடுவில் மேலாளர் என்ன செய்துகொண்டிருந்தார்? நம் ஊர் அலுவலகங்களில் இதை யாரும் கேட்பதில்லை. கேட்காததன் விலையை இளைஞர்கள் வேலையைக் கொடுத்துத் தீர்க்கிறார்கள்.

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. நிறுவனக் கண்ணாடிக் கட்டடங்களில் இது எப்படி நடக்கிறது என்பது அங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். வேலையை விட்டுப் போகிறவர் நோட்டீஸ் காலத்தின் கடைசி நாள்களில் திரையைக் காட்டி மூன்று மணி நேரம் பேசுவார். அதற்குப் பெயர் கே.டி., அதாவது வேலை விவரத்தைக் கைமாற்றிக் கொடுப்பது. பாதி விளங்கும், பாதி விளங்காது. மறுநாளே டிக்கெட்டுகள், அதாவது தீர்க்க வேண்டிய புகார்கள், வந்து குவியும். புதியவர் பக்கத்து இருக்கையில் சந்தேகம் கேட்பார். “நேத்துதானே சொன்னேன்” என்று பதில் வரும். மறுபடி கேட்டால், “இதுகூடத் தெரியாமதான் வந்தியா?” என்பார்கள், பத்துப் பேர் காதில் விழும்படி. அதற்குப் பிறகு அவர் கேட்கமாட்டார். புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு ஊகத்தில் செய்வார். தப்பு திரும்பத் திரும்ப வருவது அந்தத் தலையாட்டலில் இருந்துதான். வாயை அடைத்தவர் டீம் லீடர். கெட்ட பெயர் வாங்குகிறவர் புதியவர்.

பிறகு ரேட்டிங் வருகிறது: எதிர்பார்ப்பை எட்டவில்லை. எந்த எதிர்பார்ப்பு, எந்த வேலையில், எந்த நாளில் என்ற விவரம் இருக்காது. எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, “நீங்களே பேப்பர் போட்டுடுங்க, ரிலீவிங் லெட்டராவது நல்லபடியா கிடைக்கும்” என்பார்கள்.

இந்த வற்புறுத்தலுக்குக் காரணம் உண்டு. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமில்லாமல் நீக்க முடியாது. ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தரவேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடும் செய்யலாம். அவரே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் நிர்வாகம் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பயந்து நிற்கும் பிள்ளையின் கையாலேயே அதன் உரிமையை அழிக்க வைக்கும் இந்த வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பெரிய நிறுவனங்களிலும் பொறுப்பு புதியவர் தலையில்தான் விழுகிறது. 2025 பிப்ரவரியில் மைசூரு இன்ஃபோசிஸ் வளாகத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள், மூன்று வாய்ப்பிலும் உள்தேர்வில் தேறவில்லை என்று வெளியேற்றப்பட்டார்கள். ஒப்பந்தத்தில் உள்ளபடியே நடந்தோம் என்றது நிறுவனம். தேர்வானபின் வேலையில் சேர இரண்டாண்டுக்கும் மேலாகக் காத்திருந்தவர்கள் அவர்களில் பலர். காத்திருப்பில் மங்கிப்போன படிப்புக்கு யார் பொறுப்பு என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்காது.

குறையைச் சொல்லாமல் நீக்கலாமா என்பதற்கு, 1989இல் ஒரு பெண் மருத்துவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே பதில் சொல்லிவிட்டது. வேலையில் உள்ள குறையை உரிய நேரத்தில் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல், தகுதியில்லை என்று அனுப்புவது தன்னிச்சையான செயல். 2008இல் தேவ் தத் வழக்கில், ஆண்டு மதிப்பீட்டுக் குறிப்பு ஒவ்வொன்றையும் ஊழியருக்குக் காட்டியாக வேண்டும் என்றது. இரண்டும் அரசுப் பணி பற்றிய தீர்ப்புகள். தனியார் அலுவலகத்தில் உட்கார்ந்தால் மட்டும் இந்த நியாயம் மாறிவிடுமா?

நாங்கள் என்ன பள்ளிக்கூடமா நடத்துகிறோம் என்று நிர்வாகங்கள் கேட்கின்றன. புதியவரின் நேரத்துக்கு வாடிக்கையாளரிடம் பில் போடத் தெரிந்தவர்கள் அவருக்குச் சொல்லித்தரவும் கடமைப்பட்டவர்கள். புதியவர்கள் மேல் குற்றமே இல்லை என்று நாம் வாதாடவில்லை. சொன்னதைக் குறித்துக்கொள்ளாமல் அலட்சியமாக இருப்பவரைக் கண்டிக்கத்தான் வேண்டும். கண்டிப்பதற்கு முன் சொல்லியிருக்க வேண்டும்.

சேர்ந்த முதல் மாத முடிவிலேயே குறைநிறைகளை எழுத்தில் கொடுங்கள். சொல்லித்தர ஒரு மூத்தவரை நியமித்து, அதற்கான நேரத்தை அவருடைய வேலைப்பளுவிலிருந்து கழியுங்கள். எழுத்தில் சொல்லி, திருந்த அவகாசம் தந்த குறைக்கு மட்டுமே நடவடிக்கை எடுங்கள். கட்டாய ராஜினாமாப் புகார்களைத் தனிப்பட்ட தகராறு என்று ஒதுக்காமல் தொழிலாளர் துறை விசாரிக்க வேண்டும்.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வாய்மொழியாகச் சொன்ன குறையை அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி, இதைத் திருத்திக்கொள்ள யாரிடம் கற்க வேண்டும் என்று கேளுங்கள். யார் நெருக்கினாலும், அந்த அறையில் உட்கார்ந்தபடியே ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.